இரத்தக் குழாய் இறப்பர்க் குழாய் அல்ல



நாம் இந்த நாட்டுக்கு வந்த பிறகு அடிக்கடி கேட்கும் சொற்களில் ஒன்று "பிறஷர்". கலியாண வீட்டிலும் கேட்கிறோம், செத்த வீட்டிலும் கேட்கிறோம். "அவருக்குப் பிறஷர் இருந்ததாம், குளிசை போடாமல் விட்டிட்டாராம்" என்று ஒருவர் சொல்வார். "அப்படியே?" என்று மற்றவர் கேட்டுவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார். நாங்களும் அப்படித்தான் இருந்தோம், எங்கள் மெசினுக்குப் பக்கத்திலேயே அது நடக்கும் வரை.

ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் ஆறேழு தமிழர் ஒரே ஷிப்ற்றில் வேலை செய்தோம். எங்களுக்கு மூத்தவராக ஒரு அண்ணை இருந்தார். வயது 42. மனைவி பிள்ளைகளை எடுப்பிக்க வேண்டும் என்று இரண்டு இடத்தில் வேலை செய்தவர். வைத்தியர் அவருக்குப் பிறஷர் குளிசை எழுதிக் கொடுத்திருந்தார். முதல் போத்தல் முடிந்ததும் அண்ணை நிறுத்திவிட்டார். "எனக்கு ஒண்டும் செய்யேல்லை. தலையிடி கூட இல்லை. பிறகென்னத்துக்குக் காசைக் கரியாக்கிறது?" என்று கேட்டார். நாங்களும் "அதுவும் சரிதானே" என்று தலையாட்டினோம்.

ஒரு நாள் இரவு பத்தரை மணியளவில் அவருடைய வலது கையிலிருந்து ஸ்பானர் விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், முடியவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது. கதைத்தது விளங்கவில்லை. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தோம். "ஓவர்ரைம் செய்து களைச்சுப்போனார், படுத்தெழும்பினால் சரிவரும்" என்றோம். சுப்பவைசர் கண்டால் வேலைக்கு ஆபத்து என்று மறைத்து, காரில் ஏற்றிக்கொண்டுபோய் அவருடைய பேஸ்மென்ற் அறையில் படுக்க வைத்துவிட்டு வந்தோம். விடிந்த பிறகு அறையில் இருந்த தம்பிதான் 911 அடித்தான்.

பாரிசவாதம். உயிர் தப்பிவிட்டது. வலது கை இன்றுவரை முழுதாகத் திரும்பவில்லை.

அதன் பிறகு எங்களுக்குள் ஒரே கேள்வி. ஒன்றுமே செய்யாத பிறஷர் ஒரு மனிசனை எப்படி ஒரே நிமிடத்தில் விழுத்தியது? நூலகத்தில் புத்தகம் எடுத்தோம். தமிழ் வைத்தியர்களைக் கேட்டோம். ஆங்கிலத்தில் விளங்காததைப் படித்த பிள்ளைகளிடம் கேட்டோம். நாங்கள் வைத்தியர்கள் அல்லர், பெரிய படிப்புப் படித்தவர்களும் அல்லர். ஆனால் பம்பும் ஹோசும் அழுத்தமும் நாங்கள் ஒவ்வொரு நாளும் கையால் தொடும் சாமான்கள். அந்தக் கண்ணால் பார்த்தபோது எங்களுக்கு விளங்கியதை இங்கே எழுதுகிறோம்.

ஓயாத பம்பு

இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை அடிக்கிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரு நாளைக்குக் கணக்குப் பார்த்தால் 7,000 லீற்றர். எந்தத் தொழிற்சாலைப் பம்பும் எழுபது எண்பது வருடம் நிற்பாட்டாமல் ஓடியதாக நாங்கள் கேள்விப்படவில்லை.

இரத்தத்தின் அழுத்தத்தை முதன்முதலில் அளந்து எழுதியவர் ஸ்ரீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். ஒரு குதிரையின் கால் நாடியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் 8 அடி 3 அங்குலம் உயர ஏறி நின்றது. 1733இல் வெளிவந்த அவருடைய நூலில் இது இருக்கிறது. இன்று வைத்தியர் நமக்கு 120 என்று சொல்லும் கணக்கு, 120 மில்லிமீற்றர் உயரப் பாதரசத்தைத் தாங்கும் அழுத்தம். தண்ணீரில் சொன்னால் 1.6 மீற்றர், அதாவது ஒரு ஆளின் உயரம். இதயம் ஒவ்வொரு அடிக்கும் இரத்தத்தை ஒரு ஆள் உயரத்துக்கு எறிகிற பலத்தோடு தள்ளுகிறது. மேலே உள்ள இலக்கம் இதயம் தள்ளும்போது உள்ள அழுத்தம். கீழே உள்ள இலக்கம் இதயம் ஆறும்போது குழாயில் மிஞ்சியிருக்கும் அழுத்தம்.

ஹைட்ரோலிக் பிரஸ்ஸில் வேலை செய்பவர்களுக்கு அக்கியூமுலேற்றர் தெரியும். பம்பின் அதிர்ச்சியை வாங்கி வைத்து, எண்ணெயைச் சீராக அனுப்பும் பாத்திரம் அது. உடம்பில் அந்த வேலையைச் செய்வது இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி. இதயம் தள்ளும்போது அது விரிந்து கொஞ்ச இரத்தத்தைப் பிடித்து வைக்கிறது. இதயம் ஆறும்போது சுருங்கி அதை முன்னே அனுப்புகிறது. அதனால்தான் துடித்துத் துடித்து வரும் இரத்தம் விரல் நுனிக்குப் போகும்போது சாந்தமாகப் போகிறது. ஹேல்ஸ் பாதிரியாரே இதை அந்தக் காலத்துத் தீயணைக்கும் இயந்திரத்தின் காற்றறைக்கு ஒப்பிட்டிருந்தார்.

ஒன்ராறியோவில் கண்டுபிடித்த இரண்டு நூல்கள்

பெருநாடி எப்படி விரிந்து சுருங்குகிறது? இதற்கு விடை கண்டது நமக்குப் பக்கத்திலேதான். 401 வழியாக மேற்கே இரண்டு மணித்தியாலம் போனால் லண்டன் நகரம் வரும். அங்குள்ள வெஸ்டேர்ன் ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தில் மார்கொட் றோச் என்ற பெண்மணியும் அலன் பேர்ட்டன் என்ற பேராசிரியரும் 1957இல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள்.

நாடியின் சுவர் இரண்டு விதமான நூல்களால் நெய்யப்பட்டது. ஒன்று எலாஸ்ரின், இறப்பர் போல இழுபடும். மற்றது கொலாஜன், கயிறு போல இழுபடாது. அவர்கள் மனித நாடித் துண்டுகளை எடுத்து, சிலவற்றில் ஒரு நூலையும் சிலவற்றில் மற்ற நூலையும் கரைத்துவிட்டு இழுத்துப் பார்த்தார்கள். அழுத்தம் குறைவாக இருக்கும்போது சுமையைத் தாங்குவது எலாஸ்ரின் என்றும், அழுத்தம் கூடும்போது கொலாஜன் கயிறுகள் இழுபட்டு நிமிர்ந்து சுமையை ஏற்கின்றன என்றும் தெரிந்தது. கயிறு இறுகினால் குழாய் அதற்குமேல் விரியாது.

இதிலே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. எலாஸ்ரினின் பெரும்பகுதியை உடம்பு நாம் பிறக்கும் முன்னும் சிறுவயதிலும் செய்து முடித்துவிடுகிறது. பிறகு புதிதாக நல்ல எலாஸ்ரின் செய்வது மிகக் குறைவு. ஒவ்வொரு நாளும் ஒரு இலட்சம் தடவை இழுபட்டு அது மெல்ல மெல்ல அறுகிறது. அந்த இடத்துக்கு விறைத்த கொலாஜன் வருகிறது. பிறஷர் கூடினால் ஒவ்வொரு இழுவையும் கூடுதல் இழுவை, தேய்மானமும் அதற்கேற்ற மாதிரி. சலரோகமும் புகைத்தலும் இந்த விறைப்பைக் கூட்டுகின்றன.

இளம் ஆளின் பெருநாடியில் நாடித்துடிப்பு விநாடிக்கு ஏறக்குறைய 5 மீற்றர் வேகத்தில் ஓடும். விறைத்துப்போன பெருநாடியில் அது 10 மீற்றருக்கும் மேல் போகும். அதாவது அக்கியூமுலேற்றர் பழுதாகிவிட்டது. அப்போது அந்த அடியை வாங்குவது யார்? மூளையிலும் சிறுநீரகத்திலும் கண்ணிலும் உள்ள மெல்லிய சின்னக் குழாய்கள். எங்கள் அண்ணைக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நாங்கள் நினைத்த அந்த மாதங்களில் நடந்த வேலை இதுதான்.

நோகாமல் நடக்கும் மாற்றம்

மெசினில் ஹோஸ் ஒன்று அழுத்தம் தாங்காமல் பழுதாகும்போது என்ன பார்ப்போம்? ஒரு இடம் புடைக்கும். புடைத்த இடத்தில் குழாய் அகலம் கூட, சுவர் மெல்லிசு. அகலமான குழாயின் சுவர், அதே அழுத்தத்தில் ஒடுங்கிய குழாயின் சுவரை விடக் கூடுதலாக இழுபடும். அதனால் புடைப்பு மேலும் புடைக்கும். வயிற்றுப் பெருநாடியில் இப்படி வரும் புடைப்பு வெடித்துத்தான் விஞ்ஞானி ஐன்ஸ்ரைன் 1955இல் காலமானார். புகைப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

ஆனால் பெரும்பாலான நாடிகள் இறப்பர் ஹோஸ் போலச் சும்மா புடைத்துக்கொண்டிருப்பதில்லை. அவை உயிருள்ளவை. அழுத்தம் கூடினால் சுவரைத் தடிப்பாக்கித் தம்மைப் பாதுகாக்கின்றன. நல்ல எண்ணம்தான். ஆனால் சின்ன நாடிகளில் சுவர் தடிக்க, உள்ளே இருக்கும் வழி ஒடுங்குகிறது. 1840களில் புவசேய் என்ற பிரெஞ்சு வைத்தியர் மெல்லிய குழாய்களில் ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார். குழாயின் அகலம் பாதியானால் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. அகலம் பத்தில் ஒரு பங்கு மட்டும் குறைந்தாலே தடை ஒன்றரை மடங்கு. தடை கூடினால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் சுவர் இன்னும் தடிக்கும். செக்கு மாடு மாதிரி ஒரே வட்டம்.

இவ்வளவும் நடக்கும்போது நோ இல்லை, காய்ச்சல் இல்லை, ஒன்றுமே இல்லை. "ஒண்டும் செய்யேல்லை" என்று அண்ணை சொன்னது பொய் அல்ல. குளிசை அந்த வட்டத்தை உடைக்கிறது. தொடர்ந்து போட்டால் சின்ன நாடிகளின் தடிப்பு ஓரளவு திரும்பவும் குறையலாம். நிறுத்தினால் வட்டம் மறுபடி சுற்றத் தொடங்கும்.

ரொறன்ரோவில் பார்த்த உள்தோல்

குழாயின் உட்பக்கத்தில் ஒரு கலத்தின் தடிப்பே உள்ள மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. இரத்தம் அதை உரசிக்கொண்டு ஓடுகிறது. அது வெறும் பூச்சு என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள்.

1986இல் ரொறன்ரோவில் லோவல் லாங்கில் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய துணையாளரும் முயலின் கழுத்து நாடியில் இரத்த ஓட்டத்தை 70 சதவீதம் குறைத்துவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு கிழமைக்குள் நாடியின் விட்டம் 21 சதவீதம் சுருங்கியிருந்தது. தசை இறுகியதால் வந்த தற்காலிகச் சுருக்கம் அல்ல, குழாய் தன்னைத்தானே சிறிதாகக் கட்டிக்கொண்டது. உள்தோலை நீக்கிவிட்டுச் செய்தபோது அந்தச் சுருக்கம் வரவில்லை. ஓட்டத்தைத் தொட்டு அறிவது உள்தோல்தான் என்பதற்கு இது நல்ல சாட்சி.

இரத்தம் உற்சாகமாக ஓடும்போது உள்தோல் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவை விடுகிறது. அது நாடியைத் தளர்த்தி விரியச் செய்கிறது. இந்த வாயுவின் வேலையைக் கண்டவர்களுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. நடந்தால் நல்லது என்று வைத்தியர் சொல்வதற்கு ஒரு காரணம் இங்கேதான் இருக்கிறது. நாம் நடக்கும்போது இரத்தம் வேகமாக ஓடி உள்தோலைத் தடவிக் கொடுக்கிறது.

ஊரில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு மற்ற விஷயமும் சுலபமாக விளங்கும். நேராக ஓடும் வாய்க்காலில் வண்டல் தங்காது. கிளை பிரியும் இடத்தில், தண்ணீர் சுழன்று தயங்கும் மூலையில்தான் தங்கும். நாடியிலும் கொழுப்பு படிவது அதே மாதிரி இடங்களில்தான்: கழுத்து நாடி இரண்டாகப் பிரியும் இடம், இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் நாடிகளின் கிளைகள். ஆனால் வண்டல் போல் சும்மா வந்து படிவதில்லை. ஓட்டம் சீராக உள்ள இடத்தில் உள்தோல் கலங்கள் ஓட்டத்தின் பக்கம் நீண்டு ஒழுங்காக அடுக்கியிருக்கும். ஓட்டம் முன்னும் பின்னும் தடுமாறும் இடத்தில் அவை ஒழுங்கு கெட்டுக் கசியத் தொடங்கும். கெட்ட கொலஸ்ட்ரோல் சுவருக்குள் புகும். அதைத் தின்ன வெள்ளைக் கலங்கள் பின்னால் வரும். உள்ளே கொழுப்புக் கூழும் மேலே மெல்லிய மூடியுமாக ஒரு கட்டி உருவாகும். அந்த மூடி ஏறக்குறைய ஒரு தலைமயிரின் தடிப்புக்கு மெலிந்துவிட்டால், ஒவ்வொரு துடிப்பின் இழுவையும் அதன் விளிம்பைப் பிடித்து இழுக்கிறது. ஒரு நாள் கிழியும். கிழிந்த இடத்தில் இரத்தம் உறையும். மாரடைப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன. பாதி வழி கூட அடைக்காத கட்டியும் கிழியலாம். நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று விழுவது இதனால்தான்.

காலிலிருந்து நெஞ்சுக்கு

குழாய் உயிருள்ளது என்பதை விளங்க பைபாஸ் சத்திரசிகிச்சை நல்ல உதாரணம். காலில் உள்ள நாளம் ஒன்றை வெட்டி எடுத்து இதயத்தில் பொருத்துகிறார்கள். நாளம் என்பது குறைந்த அழுத்தத்துக்கே பழகியது. அதை நாடியின் இடத்தில் வைத்தால், புது அழுத்தத்தைத் தாங்கச் சுவரைத் தடிப்பாக்குகிறது. அளவோடு நின்றால் நல்லது. பலருக்கு அளவு மீறுகிறது. பத்து வருடத்தில் இப்படிப்பட்ட நாளங்களில் பாதியளவு அடைபட்டுவிடும். நெஞ்சுக்குள் இருக்கும் நாடி ஒன்றைத் திருப்பிப் பொருத்தினால், அது பத்து வருடத்தின் பின்னும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கும். அது தொடக்கத்திலிருந்தே நாடியின் அழுத்தத்தில் வாழ்ந்தது. ஆகவே பைபாஸ் செய்தவர்கள் "எல்லாம் மாத்தியாச்சு, இனி என்ன?" என்று இருந்துவிடக் கூடாது. புதுக் குழாயும் அதே பிறஷரில்தான் வாழ வேண்டும்.

எங்கள் ஆட்களின் கணக்கு

2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கனடிய ஆராய்ச்சியில் ரொறன்ரோ, ஹமில்ரன், எட்மன்ரன் நகரங்களில் வாழும் தெற்காசியர், சீனர், ஐரோப்பியர் ஆகியோரைப் பரிசோதித்தார்கள். இருதய, இரத்தக் குழாய் வருத்தம் தெற்காசியரில் 11 சதவீதம், ஐரோப்பியரில் 5, சீனரில் 2. ஆனால் கழுத்து நாடியின் சுவர்த் தடிப்பை அளந்தபோது ஐரோப்பியருக்கே கூடுதலாக இருந்தது. தெற்காசியருக்குத் தடிப்புக் குறைவு, வருத்தம் கூட. சர்க்கரைக் கோளாறும், கெட்ட கொழுப்பும், இரத்தம் உறைவதைக் கூட்டும் பொருட்களும் எங்கள் ஆட்களுக்கு அதிகமாக இருந்தன. மெலிந்த ஆள், ஸ்கானில் குழாய் பரவாயில்லை என்று சொன்னாலும் நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது என்பதே இதன் அர்த்தம்.

ஹமில்ரன் நகரிலுள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் சலீம் யூசுப் என்ற வைத்தியர் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2004இல் வெளிவந்தது. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசிய நாடுகளில் 53 என்றும், மற்ற நாடுகளில் 58.8 என்றும் அந்த விபரங்களை வைத்து 2007இல் எழுதினார்கள். ஆறு வருடம் முந்தியே வருகிறது. பிள்ளைகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் வயது அது. புகைத்தல், கொழுப்பு, பிறஷர், சலரோகம், வயிற்றுப் பருமன், மனக்கவலை, மரக்கறி பழம் குறைவாக உண்பது, அசையாமல் இருப்பது ஆகியவையே முக்கிய காரணங்கள். இவற்றில் பெரும்பாலானவை நம் கையில் இருப்பவை.

நாம் செய்யக்கூடியது

பிறஷரை அளந்து பாருங்கள். பல மருந்துக் கடைகளில் காசில்லாமல் அளக்கும் மெசின் இருக்கிறது. ஐந்து நிமிடம் சாய்ந்து இருந்துவிட்டு, கையை மேசையில் வைத்து அளக்க வேண்டும். கனடாவின் 2025 வழிகாட்டி 130/80 என்பதையே உயர் இரத்த அழுத்தத்தின் எல்லையாக வைக்கிறது. குளிசை தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். குளிசையால் தலைச்சுற்று, இருமல், கால் வீக்கம் வந்தால் நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் சொல்லுங்கள். வேறு குளிசை இருக்கிறது.

உப்பு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள் நிற்க வேண்டும், எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து. கருவாடு, ஊறுகாய், அப்பளம், ரின் மீன், பைக்கற் நூடில்ஸ் எல்லாம் அந்தக் கணக்குக்குள் வரும். மாரிகாலத்தில் வெளியே நடக்க முடியாவிட்டால் மோலுக்குள் நடக்கலாம். கிழமைக்கு 150 நிமிடம் போதும்.

வைத்தியரிடம் போக ஓஹிப் அட்டை போதும். அகதிக் கோரிக்கை முடியாதவர்களுக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் இருக்கிறது. வருமானத்தோடு ஒப்பிடும்போது மருந்துச் செலவு அதிகமாக இருந்தால் ரில்லியம் என்ற மாகாணத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். காசுக்காகக் குளிசையை நிறுத்த வேண்டாம்.

கடைசியாக, நாங்கள் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டாம். முகம் கோணுகிறதா, கை தூக்க முடியவில்லையா, பேச்சுக் குழறுகிறதா, உடனே 911 அடியுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ்" என்ற ஒரு சொல்லைச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். குடிக்க ஒன்றும் கொடுக்க வேண்டாம், புரையேறும். இரத்தம் உறைந்து வந்த பாரிசவாதமானால் உறைவைக் கரைக்கும் மருந்து இருக்கிறது. அதைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். அண்ணை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது எட்டு மணித்தியாலம் கடந்துவிட்டது. அந்த மணித்தியாலங்கள் எங்கள் கணக்கில்தான் இருக்கின்றன.

இப்போது அவருடைய மனைவி பிள்ளைகள் வந்து சேர்ந்துவிட்டார்கள். விமான நிலையத்தில் சின்ன மகளைத் தூக்க அவர் இடது கையை நீட்டினார். நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்தோம். அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க முன் ஒருவரை ஒருவர் கேட்போம்: "குளிசை போட்டியோ?"

நீங்களும் உங்கள் வீட்டில் கேளுங்கள்.